மோடத்துக்குச் செய்த இரும்புப் பெட்டி

அருள், அப்பா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததுமே கொஞ்சம் பயந்திருப்பாய். நீ சிங்கப்பூர் போன இந்த நாலு வருஷத்தில் நான் உனக்குத் தபாலில் அனுப்பியது நீ மறந்துவிட்டுப் போன டிகிரி சர்டிபிகேட் ஒன்றுதான். இப்போது நம் குவார்ட்டர்ஸில் எந்த மூலையில் நின்றாலும் உன் முகம் தெளிவாகத் தெரிகிறது. கொல்லையில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகூடப் பேச முடிகிறது. அப்படியிருக்க இந்த மனுஷன் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று கேட்பாய். முகத்தைப் பார்த்தால் எனக்குச் சில விஷயங்கள் பேச வராது. உங்கம்மா வேறு என் தோளுக்குப் பின்னால் நின்று தலையை நீட்டுவாள். நீ ஒரு சிரிப்பு சிரித்தால் போதும், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, அங்கே மழையா, என்ன சாப்பிட்டாய் என்று இறங்கிவிடுவேன். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் உங்களுடைய முதல் கல்யாண ஓலை வாசித்தார்கள். உன் பெயரும் தேன்மொழியின் பெயரும், அப்பா அம்மா பெயர், ஊர் எல்லாம் சேர்த்து வாசித்துவிட்டு, இவர்கள் திருமணத்துக்கு ஏதாவது தடை இருப்பது யாருக்காவது தெரிந்தால் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவும் என்று சொன்னார் ஃபாதர். எல்லாக் கல்யாணத்துக்கும் மூன்று ஞாயிறு சொல்கிற வாசகம்தான். உங்கம்மா பெண்கள் பக்கத்திலிருந்து மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தத் தடை யாரென்று அவளுக்குத் தெரியாதா? நான் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் மனசு லேசாக இருந்தது. வெளியே வந்து செருப்பைத் தேடும்போதுதான் தோன்றியது, உனக்கு ஒரு விஷயத்தை நான் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன், கல்யாணத்துக்கு முன்னால் மீதியையும் சொல்லிவிட வேண்டும் என்று.

கதை அந்த மோடத்தில் ஆரம்பிக்கிறது. நீ கிளம்புவதற்கு முந்தைய வாரம் இன்டர்நெட் கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்து, ஆள் வந்து கூடத்து ஜன்னலுக்கு மேலே, என் நாற்காலிக்குத் தலைமாட்டில், மோடத்தை மாட்டிவிட்டுப் போனான். ஒயர் அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தது, அதனால் அங்கே மாட்டினான். நீ என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாய். “அப்பா, இத இப்பிடியே விட்டுடுங்க, எதுவும் பண்ணாதீங்க” என்றாய். நீ பஸ் ஏறிய மறுநாளே நான் ஆரம்பித்துவிட்டேன். நம் ஊர் தூசி உனக்குத் தெரியும். கொடியில் போட்ட வெள்ளைச் சட்டையை மாலையில் எடுத்து உதறினால் சாம்பல் பறக்கும். மைன்ஸில் கன்வேயர் செக்‌ஷனில் முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியனாக இருப்பவன் நான். கரித்தூசி உள்ளே போனால் எந்த மெஷினும் பிழைக்காது என்பது என் ரத்தத்தில் ஊறிய பாடம். அங்கே ஒரு சின்ன ஸ்விட்சைக்கூட பெட்டி இல்லாமல் வைக்க மாட்டோம். இவ்வளவு தூரத்திலிருந்து மகனின் முகத்தைக் கொண்டுவரப் போகிற பொருளை அம்மணமாகச் சுவரில் விட்டுவைக்க எனக்கு மனசு வரவில்லை.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் அளவு கொடுத்து, நல்ல கனமான இரும்புத் தகட்டில் ஒரு பெட்டி செய்தேன். கீல் வைத்த கதவு, தூசி புகாமல் இருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டை, பூட்டு, ஒயர் போக அடியில் இரண்டு ஓட்டை, காற்றுக்கு நாலைந்து சின்னத் துளை. எங்கள் பேனல் போர்டுக்கு அடிக்கிற அதே சாம்பல் நிற பெயின்டை இரண்டு கோட் அடித்தேன். மாட்டிவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தபோது இருந்த பெருமையை என்னவென்று சொல்ல. எதிர் வீட்டுக் கலியபெருமாளைக் கூட்டிவந்து காட்டினேன். அவரும் என் செக்‌ஷன்தானே, தட்டிப் பார்த்துவிட்டு, “மழையில நனைஞ்சாக்கூட ஒண்ணும் ஆவாதுப்பா” என்றார். கூடத்துச் சுவரில் மழை எப்படிப் பெய்யும் என்று எங்கள் இருவருக்குமே கேட்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம் நாலு வருஷமாக நம் வீட்டில் சிக்னல் கிடைத்த இடம் என் நாற்காலியைச் சுற்றி நாலடி. அதைத் தாண்டினால் உன் முகம் உறைந்துபோகும், வாய் திறந்தபடி அப்படியே நிற்பாய். படுக்கையறையில் ஒரு கோடு வரும், போகும். அடுப்படியில் சுத்தமாகக் கிடையாது. மொபைல் டவரும் நம் பிளாக்கில் வாசல் கேட்டோடு சரி. உங்கம்மா மாவுக் கையோடு ஓடிவந்து என் நாற்காலி ஓரத்தில் நின்று பேசுவாள். “நல்லாருக்கியாப்பா? சாப்ட்டியா? உடம்பப் பாத்துக்கோ.” அவ்வளவுதான். நான் பேப்பர் படிக்கிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருப்பேன். தாயும் பிள்ளையும் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லையா, மூணு நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்களே என்று நான் நினைத்ததுண்டு. என் காதுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அவள் வேறு என்ன பேசியிருக்க முடியும் என்று இப்போதுதான் புரிகிறது.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. லைன் சரியில்லை என்று எழுதி எழுதிக் கொடுத்தேன். மூன்று தடவை ஆள் வந்து பார்த்து, லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது தடவை வந்தவர் என் வயதுக்காரர், பொறுமைசாலி. பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “சார், இத தொறந்து வச்சிப் பாருங்களேன்” என்றார். எனக்கு வந்ததே கோபம். “முப்பது வருஷமா பேனல் போர்டு பாத்துக்கினு இருக்கேன், எனக்கே சொல்லித் தரீங்களா? பல்லி பூந்து ஷார்ட் ஆச்சுன்னா நீங்க வருவீங்களா?” என்று கேட்டேன். அந்த மனிதர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு அவரை வழியில் பார்த்தால் நிறுத்தி மன்னிப்புக் கேட்பேன். பெயர்கூடத் தெரியாது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. போன வருஷம் மே மாதம், பூசை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்திருந்தேன். நீ கூப்பிட்டாய். அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொன்னாய். அவள் கொடுத்துவிட்டுக் கொல்லைக்குப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். தேன்மொழியைப் பற்றிச் சொன்னாய். உன் ஆபீஸில் வேலை செய்கிறாள், நெல்லிக்குப்பத்துப் பெண், அவள் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர், அவர்கள் இந்துக்கள். நான் கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டேன். கோபம் வந்தால் எனக்கு உட்கார முடியாது, நடப்பேன், உனக்குத் தெரியும். பங்கில் நாலு பேர் என்ன சொல்வார்கள், உங்கள் தாத்தா கட்டிய குடும்பக் கல்லறைக்குப் பக்கத்தில் நாளைக்கு யார் நிற்பார்கள் என்று என்னென்னவோ ஓடியது. உன் வயதில் எனக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று யார் கேட்டார்கள், யார் எனக்கு இடம் கொடுத்தார்கள் என்ற வயிற்றெரிச்சலும் சேர்ந்துகொண்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். “நான் முடிவு பண்ணிட்டேம்ப்பா. ஆனா நீங்க சரின்னு சொல்லணும்ப்பா, நீங்க சொல்லாம நடக்காது” என்றாய். நான் அப்போது கூடத்தைத் தாண்டி, படுக்கையறை வாசலில் இரும்பு பீரோவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அங்கே நின்றுகொண்டு ஒரு வாக்கியம் சொன்னேன்.

அந்த வாக்கியத்தைத்தான் உனக்கு இதுவரை சொல்லவில்லை. ஒரு தகப்பன் பிள்ளையைப் பார்த்துச் சொல்லக்கூடாத வாக்கியம். உன்னைப் பற்றியும், முகம்கூடத் தெரியாத அந்தப் பெண்ணைப் பற்றியும். சொல்லி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தால் அது இருட்டாக இருந்தது. கால் முடிந்திருந்தது. நீ திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. நீ அதைக் கேட்டுவிட்டாய், கேட்டுவிட்டுத்தான் வைத்துவிட்டாய் என்று முடிவு கட்டிக்கொண்டேன். வேறு மாதிரி இருக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் உன் இடத்தில் இருந்திருந்தால் அதைக் கேட்டுவிட்டு ஆயுசுக்கும் அப்பனிடம் பேசியிருக்க மாட்டேன்.

ஏழு மாசம் அப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை போன் மணி அடித்ததும் நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவேன். கூடத்து ஜன்னலுக்கு நேர் வெளியேதான் கொய்யா மரம். அதற்கு நான் அந்த ஏழு மாசம் ஊற்றிய தண்ணீருக்கு அது பலாப்பழம் காய்த்திருக்க வேண்டும். உள்ளே நீ “அப்பா இருக்காராம்மா?” என்று கேட்பது காதில் விழும். “தோட்டத்துல தண்ணி ஊத்திக்கினு இருக்காருப்பா” என்பாள். அப்புறம் உங்கள் இருவருக்கும் பேச்சு ஓடாது. ஜன்னலுக்கு வெளியே நான் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியும், அவள் முகத்தைப் பார்த்து உனக்கும் தெரியும். எத்தனையோ தடவை உள்ளே வந்து போனைப் பிடுங்கி, தப்பாச் சொல்லிட்டேன்டா என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். சொன்ன வாக்கியத்தை நீ மறுபடி என் முகத்துக்கு எதிரில் சொல்லிக் காட்டுவாயோ என்ற பயம். ஷிப்டில் யாராவது “பையன் எப்பிடி இருக்கான்?” என்று கேட்டால் “சூப்பரா இருக்கான்” என்பேன். அப்புறம் கேன்டீனில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்னால், எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட். இரண்டு மணிக்கு முடித்து, வண்டியைப் பின்பக்கம் நிறுத்தினேன். கொல்லையில் துணி துவைக்கிற கல்லின்மேல் என் இரும்புப் பெட்டி சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கவிழ்ந்து கிடந்தது. பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்கிறேன் என்று உங்கம்மா நாலு ஸ்குரூவையும் கழற்றி, பெட்டியைக் கொண்டுவந்து தேய்த்துக் கழுவிவிட்டிருக்கிறாள். எனக்குச் சுருக்கென்று கோபம். கத்துவதற்கு வாயைத் திறந்துகொண்டு அடுப்படிக் கதவுக்குப் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம். உங்கம்மாவின் சிரிப்பு. கல்யாணமான புதிதில் கேட்டது, அப்புறம் எங்கே வைத்தாள் என்றே தெரியாமல் இருந்தது. அச்சுமுறுக்குச் சுட்டுக்கொண்டே, சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அடுப்படியில்! நாலு வருஷமாக ஒரு கோடுகூட எட்டிப் பார்க்காத அடுப்படியில்!

நான் கதவுக்கு இந்தப்பக்கம் நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்க வேண்டும் என்று இல்லை, கால் நகரவில்லை. நீ ஏதோ லீவு போட்டு ரூமில் இருந்தாய் போல. நீங்கள் அரைமணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்ததாக அப்புறம் சொன்னாள். அப்போது நீ கேட்டாய். “ஏம்மா, அன்னிக்கு அப்பா ஏம்மா போன கட் பண்ணிட்டாரு? திட்டியிருந்தாக்கூடப் பரவால்ல. ஒரு வார்த்த சொல்லல. நான் சம்மதம் கேட்டேன், டக்குனு வச்சிட்டாரு.” உங்கம்மா கரண்டியை வைத்துவிட்டு, “எனக்கு இன்னாப்பா தெரியும், எங்கிட்ட எதயாச்சும் சொன்னாத்தான, தோட்டத்துக்குப் போயிடறாரு” என்றாள்.

ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று நீ சொன்னாய். அருள், அதைக் கேட்டதும் நான் கதவை விட்டு விலகினேன். அப்படியே பின்னால் வந்து துவைக்கிற கல்லில், பெட்டியின் பக்கத்தில், ஈரத்திலேயே உட்கார்ந்தேன். யூனிஃபார்ம் நனைந்ததுகூடத் தெரியவில்லை. நீ கேட்கவில்லை. நான் சொன்னது உன்னிடம் வந்து சேரவேயில்லை. ஏழு மாசமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு நடந்த கல்லை யாரோ கையில் வாங்கிக் கீழே வைத்த மாதிரி இருந்தது. அழுதேன் என்று சொன்னால் உங்கம்மா இன்றைக்கும் நம்பமாட்டாள். வெளியே வந்து பார்த்துவிட்டு, பெட்டியைக் கழற்றியதற்காகத்தான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து, “இன்னாங்க, உங்க பொட்டிய கழுவுனதுக்கா இப்பிடி ஒக்காந்துகினு இருக்கீங்க? காஞ்சதும் மாட்டிடறேங்க” என்றாள். “மாட்டாத” என்றேன்.

அதற்கப்புறம் நடந்த கூத்தை நீ கேட்க வேண்டும். மனசு சமாதானமானதும் என் உத்தியோகப் புத்தி விழித்துக்கொண்டது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நம் வீட்டை வரைந்தேன். கூடம், நடை, இரண்டு படுக்கையறை, அடுப்படி, கொல்லை. ஈரம் காய்ந்த பெட்டியை முதலில் மாட்டி, பூட்டி, கையில் போனோடு ஒவ்வொரு இடமாக நின்று எத்தனை கோடு என்று எழுதினேன். அப்புறம் பெட்டியைக் கழற்றிவிட்டு அதே இடங்களில் நின்று எழுதினேன். அடுப்படியில் பெட்டியோடு சுழி, பெட்டி இல்லாமல் இரண்டு. உங்கம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். “இதத்தான் மைன்ஸ்ல முப்பது வருஷமா பண்ணிக்கினு இருந்தீங்களா?” என்று கேட்டாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏன் தெரியுமா? எங்கள் பெரிய மெஷினில் இரும்புக் கேபினுக்குள் உட்கார்ந்து வாக்கி-டாக்கியில் பேசினால் எதிர்ப்பக்கம் கேட்காது. அதற்காகவே கேபின் கதவைத் திறந்து, தலையையும் கையையும் வெளியே நீட்டிக்கொண்டு பேசுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு, இரும்புக்குள்ளேயிருந்து பேசாதே, வெளியே வா என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான். அந்த நானே உன் குரலை இரும்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, சாவியை மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

மறுநாளே மோடத்தை இடம் மாற்றினேன். ஜன்னலிலிருந்து ஒயரைக் கதவு நிலை ஓரமாகக் கிளிப் அடித்து நடைக்குக் கொண்டுபோனேன். வீட்டுக்கு நட்டநடுவில், அடுப்படியும் இரண்டு அறைகளும் கூடமும் சந்திக்கிற இடத்தில், தலைக்கு மேலே, பரணுக்குக் கீழே, திறந்த பலகையில் வைத்தேன். படுக்கையறை வாசலை மறைத்துக்கொண்டு நின்ற பீரோவைக் கலியபெருமாளும் நானும் தூக்கிச் சுவரோடு ஒட்டி வைத்தோம். ஃப்ரிட்ஜை இரண்டடி நகர்த்தினேன். இந்தக் குவார்ட்டர்ஸ் சுவரின் கனம் தெரியுமே, பின் அறையிலும் கொல்லையிலும் இன்னும் கோடு நின்று நின்றுதான் வந்தது. அதற்கு, சிக்னலை வாங்கி அடுத்த அறைக்குத் தள்ளுகிற ஒரு சின்ன ரிப்பீட்டர் வாங்கினேன். அதை முதலில் சிக்னல் இல்லாத கடைசி மூலையில் மாட்டினேன். வேலை செய்யவில்லை. வாங்குவதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் அது எதை வாங்கித் தரும்? பாதி வழியில், மோடத்தின் கோடு நன்றாக இருக்கிற அடுப்படி வாசல் பிளக்கில் மாட்டினேன். கொல்லைக்கே மூன்று கோடு வந்துவிட்டது. தூசிக்கு என்ன செய்தேன் என்று கேட்பாய். சனிக்கிழமை தோறும் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

எல்லாம் முடிந்த அன்றைக்கு சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டேன். அடுப்படியில் நின்றுகொண்டு. நீ எடுத்தாய், என் முகத்தைப் பார்த்ததும் உன் முகம் இறுகியது. நான் பத்து வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. “தம்பி, அன்னிக்கு லைன் கட்டாயிடுச்சிப்பா. நான் வைக்கல” என்றேன். “அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்ன?” என்று கேட்டேன். நீ பெயரைச் சொல்வதற்குள் உன் கண் கலங்கிவிட்டது, சட்டென்று போனைத் திருப்பி எனக்கு உன் ரூம் சீலிங்கைக் காட்டினாய். சீலிங் ஃபேன் சுற்றுவதை இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கால் கட்டாகவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அந்த சீலிங் ஃபேனும் ஒன்று.

ஜனவரியில் நெல்லிக்குப்பம் போனோம். உன் மாமனார் வாசலுக்கு வந்து, “வாங்க வாங்க, பஸ்ல ஒக்கார எடம் கெடைச்சிதுங்களா?” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார். கரும்பு அரவை சீசனில் எத்தனை ஷிப்ட், ஓவர்டைம் எப்படி என்று ஆரம்பித்ததும் எங்கள் இரண்டு பேருக்கும் மதம், சாதி, சம்பந்தம் எல்லாம் மறந்துபோனது. காபி குடிக்கும்போது என் கண் சுவரைத் தேடியது. அவர்கள் வீட்டு மோடம் டிவிக்குப் பின்னால், எவர்சில்வர் குடம் இரண்டுக்கு நடுவில் சிக்கிக் கிடந்தது. எனக்கு உட்கார முடியவில்லை. உங்கம்மா என் தொடையைக் கிள்ளியும் கேட்காமல், “தப்பா நெனைக்காதீங்க, அந்தக் கொடத்த கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?” என்று கேட்டுவிட்டேன். பெண் கேட்கப் போன இடத்தில் குடம் நகர்த்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். தேன்மொழியின் அம்மா சிரித்துக்கொண்டே நகர்த்தினார்கள். அன்றைக்கே அவர்கள் சமையலறையில் நின்றபடி, சிங்கப்பூரில் இருக்கிற தேன்மொழியைப் போனில் கூப்பிட்டு முகத்தைக் காட்டினார்கள். “வணக்கம் மாமா” என்றாள். முகம் தெளிவாக இருந்தது. அந்த முகத்தைப் பார்த்தபோது நான் பீரோ ஓரத்தில் நின்று சொன்னது ஞாபகம் வந்தது. காபி ஆறிவிட்டது என்று சொல்லிக் கீழே வைத்தேன்.

அடுத்த வருஷம் எனக்கு ரிட்டயர்மென்ட். இந்தக் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு முத்தாண்டிக்குப்பம் வீட்டுக்குப் போய்விடுவோம். அங்கே பூச்சு வேலை நடக்கிறது. கொத்தனாரிடம் சொல்லி, பூசுவதற்கு முன்பே சுவருக்குள் குழாய் பதித்து, நடுவீட்டுக்கு ஒயர் வருகிற மாதிரி செய்துவிட்டேன். நீயும் கல்யாணம் முடிந்து புது வீடு பிடிப்பாய். உனக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும், மோடத்தை எங்கே வைப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது வேறு. வீட்டில் பேசக்கூடிய இடம் உன் நாற்காலியைச் சுற்றி மட்டும் இருக்கும்படி செய்துவிடாதே. தேன்மொழிக்கு அவள் அம்மாவோடு பேச, உன் காது எட்டாத ஒரு மூலை இருக்கட்டும். அவள் அங்கே உன்னைப் பற்றித்தான் குறை சொல்வாள், சொல்லட்டும். நான் இப்போது கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், உங்கம்மா கொல்லையில் உன்னோடு ஒரு மணி நேரம் பேசுகிறாள், என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. நடுநடுவே சிரிப்பு மட்டும் வரும். அது போதும் என்று இருக்கிறது. இந்த நாலு வருஷத்தில் அவளுக்கு இது இல்லாமல் செய்துவிட்டேனே என்று நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

பெட்டியை என்ன செய்தீர்கள் என்று போன வாரம் கேட்டாய். பழைய இரும்புக்குப் போடச் சொன்னாய். போடவில்லை. உங்கம்மா அதில் கருவாடு வைத்திருக்கிறாள். ஓட்டைகளை அடைத்துக் கொடுத்துவிட்டேன், ரப்பர் பட்டையும் இருப்பதால் வாசம் வெளியே வராது, பூனையும் திறக்க முடியாது. நான் அதைப் போடாமல் இருப்பதற்குக் காரணம் கருவாடு இல்லை என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். அன்றைக்கு லைன் கட்டாகிவிட்டது என்று நான் சொன்னது உண்மைதான். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது உண்மை இல்லை. சொன்னேன். என் நாலு வருஷத்து முட்டாள்தனம் அந்த ஒரு நிமிஷம் உனக்கும் எனக்கும் நடுவே வந்து நின்று அதைத் தடுத்துவிட்டது. நம் வீட்டு லைன் நன்றாக இருந்திருந்தால் நீ அதைக் கேட்டிருப்பாய், இந்த ஓலையும் வாசித்திருக்க மாட்டார்கள், நானும் இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். அவர் பிள்ளையிடமும் சொல்லிவிடு என்றார், வாக்கியத்தை இல்லை, அப்படி ஒன்று இருந்தது என்பதை. சொல்லிவிட்டேன். என்னை மன்னித்துவிடு. தேன்மொழியிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

வருகிற ஞாயிறு இரண்டாவது ஓலை. பூசை முடிந்து பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவோம். அதற்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்குமா தெரியவில்லை. வந்திருந்தாலும் வராவிட்டாலும் கூப்பிடு. கோபம் வந்தால் கோபத்தோடே கூப்பிடு. வீட்டில் எங்கே இருந்தாலும் எடுப்பேன். பேச்சு பாதியில் நின்றுபோனால், நீ காத்திருக்க வேண்டாம், நானே திருப்பிக் கூப்பிடுவேன்.

அப்பா